மணி வந்த வண்டியும் ஏலத்தானும்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு மோட்டார் வண்டியைப் பார்த்தேன். மாடு இல்லை, குதிரை இல்லை. புகையைக் கக்கிக்கொண்டு அது பாட்டுக்குத் தெருவில் போயிற்று. ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று வாய் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், “என்ன வாத்தியாரே, அசந்துட்டீரு போலயே” என்றார். அசந்தது உண்மைதான். ஆனால் நான் பேச்சு மூச்சில்லாமல் நின்றது வேறொரு வண்டிக்கு முன்னால். அந்த வண்டியை ஓட்டுகிற சாலமோனை எங்கள் ஆறுதல்புரத்துக்கு வெளியே பத்துப் பேருக்குத் தெரிந்தால் அதிகம். மோட்டாரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவனைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

ஆறுதல்புரம் திருச்செந்தூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவில், செம்மணல் தேரியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர். ஒரு வேதக்கோயில், ஒரு பள்ளிக்கூடம், மற்றதெல்லாம் பனை. ஆண்பிள்ளை பனையேறுவான், பெண்பிள்ளை பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள், என்னைப்போல நாலெழுத்து படித்தவன் வாத்தியாராகி எல்லாரிடமும் ஏச்சு வாங்குவான். இந்த மூன்றிலும் சேராதவன் சாலமோன்.

அவனால் பனையேற முடியாது. சின்ன வயதில், கலயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடியில் அண்ணாந்து நின்றபோது, அவன் தகப்பனார் உச்சியிலிருந்து அவன் காலடியில் வந்து விழுந்தார். அன்றிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே கால் வைத்தால் சாலமோனுக்குக் காது அடைத்துக்கொள்ளும், கை உதறும். வீட்டுக் கூரைக்கு ஓலை போடுவதுகூட அவன் மனைவி கெசியாதான். பனங்காட்டில் பிறந்து பனைக்குப் பயந்தவன் என்று ஊர் கேலி செய்தது. அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். கோபப்படவே தெரியாத மனிதர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இவன்மேலும் வந்தது, வெகு காலம்.

முதலில் மாடு மேய்த்தான், பிறகு கூலிக்கு வண்டி ஓட்டினான், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பழைய இரட்டைமாட்டு வண்டியைச் சொந்தமாக வாங்கினான். எங்கள் ஊர்க் கருப்பட்டியை மேலப்பாளையத்தில் மண்டி வைத்திருந்த தாஜ் முகம்மதுவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பான். திரும்பும்போது தாமிரபரணிக் கரை வயல்களின் நெல்லை ஏற்றி வருவான். தரையில் நின்றே பிழைக்க ஆண்டவர் ஒரு வழி விட்டார் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் அந்த வழியும் அடைபடப் பார்த்தது. கோடையில் வலத்து மாடு அடைப்பான் நோயில் செத்தது. இடத்து மாட்டுக்கு வயதாகிவிட்டது. வண்டியோ அதைவிடக் கிழம். அச்சு தேய்ந்து, சக்கரத்தின் குடம் வெடித்து, போகிற வழியெல்லாம் அழுதுகொண்டு போயிற்று. தச்சாசாரி தில்லைநாயகம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இனிமேல் இதை வண்டி என்று சொல்லாதே, விறகு என்று சொல் என்றார். தாஜ் முகம்மது நல்ல மனிதர்தான். ஆனாலும் மழைக்கு முன் வர வேண்டிய சரக்கு இரண்டு முறை பிந்தி வந்துவிட்டது. அடுத்த பங்குனியில் தொடங்கும் பருவம் முழுவதும் பார்ப்பேன், அதில் ஒரு நடை தவறினாலும் சரக்கைக் கிருபைராஜுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியனுப்பினார்.

கிருபைராஜ் எங்கள் ஊரில் கை நிறையக் காசுள்ளவர். இரண்டு பெரிய வண்டி, நாலு வடக்கத்தி மாடு. வண்டி போய்விட்டால் சாலமோனுக்குப் பனையும் இல்லை, நிலமும் இல்லை. இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி அவன் வீட்டு வாசலுக்கு ஏற்கெனவே வந்து போயிருந்தான். கெசியாவின் அண்ணன் அந்தக் கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவன், போனவன் போனவன்தான். அதனால் அந்த வீட்டில் மாடு, வண்டி என்ற பேச்சு வெறும் மாடு வண்டிப் பேச்சாக இல்லை. புருஷன் வீட்டில் இருப்பானா, கப்பல் ஏறுவானா என்ற பேச்சு அது.

சாலமோனுக்கு ஆசை என்னவோ வடக்கத்தி மாட்டின் மேல்தான். வெள்ளை நிறம், ஆள் உயரம், வில்லாக வளைந்த கொம்பு. கழுகுமலை மாட்டுத்தாவணிக்குப் போய் அப்படி ஒரு ஜோடி பிடித்து வர வேண்டும் என்று பணம் சேர்த்து இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிந்தான். கெசியாவுக்கு அழகு ஒரு பொருட்டில்லை.

“எந்த மாடு வேணும்னாலும் வாங்குங்க. அது என்னத்தத் திங்கும்னு மட்டும் கேட்டுட்டு வாங்குங்க. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடுன்னு சம்பாதிச்ச அம்புட்டையும் மாடு தின்னுபோடும். மாட்டுக்குத் தீனி போடதுக்குல்லா கிருபைராஜ் அண்ணாச்சி வண்டி அடிக்காரு” என்றாள்.

ஆவணியில் எங்கள் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை. அந்த வருஷம் ஆண்டவர் கொடுத்ததில் முதல் பங்கை அவரவர் கொண்டுவருவார்கள். கருப்பட்டி, முருங்கைக்காய், கோழி, ஆட்டுக்குட்டி என்று பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்கும். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விட்டு, வருகிற பணத்தைக் கோயிலுக்குச் சேர்ப்பது வழக்கம். ஏலம் கூறுவது என் வேலை. என் தொண்டை பெரிசு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இந்த ஏலத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எந்தக் காணிக்கையும் முதல் கேள்வியோடு முடியக்கூடாது. முடிந்தால் கொண்டுவந்தவருக்கும் குறைச்சல், கர்த்தருக்கும் குறைச்சல். ஆகையால் வாங்குகிற எண்ணமே இல்லாதவர்கூட மரியாதைக்கு ஒரு வார்த்தை கூட்டிக் கேட்பார். அவருக்குமேல் இன்னொருவர் கேட்பார். கடைசியில் கிருபைராஜ் போன்ற காசுக்காரர் ஒருவர் தாம் கேட்டு முடித்துவைப்பார். ஒரு கட்டு முருங்கைக்காய் ஆட்டுக்குட்டி விலைக்குப் போனதை நானே கூறியிருக்கிறேன். வெளியூர்க்காரன் பார்த்தால் எங்களுக்குப் பைத்தியம் என்றுதான் நினைப்பான்.

அந்த வருஷம் ஒரு மாடு வந்தது. கொண்டுவந்தவள் சுடலைவடிவு, பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வயல்வேலைக்குப் போகிறவள், எங்கள் வேதத்தைச் சேர்ந்தவள் அல்ல. அவள் மகனுக்கு வாந்திபேதி கண்டு, மிஷன் மருந்தில் பிழைத்தான். பிள்ளை பிழைத்தால் வேதக்கோயிலுக்குத் தன் வீட்டுக் காளையைக் கொடுப்பதாக மனசுக்குள் சொல்லியிருந்தாளாம். சொன்னபடியே பிடித்துக்கொண்டு வந்து கோயில் வாசலுக்கு வெளியே நின்றாள்.

காளை என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். தேரி மண்ணின் நிறம். குட்டைக் கால், லேசான கூன் முதுகு. ஒரு கொம்பு வானத்தைப் பார்த்தது, இன்னொன்று காதைப் பார்த்தது. குளம்பு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அகலத்தில் தோசைக்கல் மாதிரி விரிந்து கிடந்தது. இது மாடா, பெரிய ஆடா என்று யாரோ கேட்க, கோயில் முழுக்கச் சிரித்தது. சுடலைவடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

கோயிலை நடத்துகிற உபதேசியார் ஒரு சின்னத் தொகையில் கேள்வியைத் தொடங்கிவைத்தார். நான் கூவினேன். யாரும் கூட்டவில்லை. ஒரு தரம் என்றேன். ஆம்பிளைகள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு தரம் என்று நான் வாயெடுப்பதற்குள் சாலமோன் எழுந்தான். வெளியே குனிந்திருந்த அந்தத் தலையை அவனால் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது. ஒரு நல்ல மாட்டுக்கு என்ன கொடுப்பார்களோ அதைக் கேட்டான். சிரிப்பு நின்றது. தனக்கு மேலே கிருபைராஜ் கேட்பார், மரியாதையும் காப்பாற்றப்படும், மாடும் தன் தலையில் விழாது என்பது அவன் எண்ணம். வழக்கமும் அதுதான். கிருபைராஜ் அன்றைக்கு வெளியே தெரிந்த பனைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்று தரம் என்றேன். கழுகுமலைக்குப் போக வேண்டிய பணம் காணிக்கைத் தட்டில் விழுந்தது. கர்த்தருடைய ஏலத்தில் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்க எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு எழாது.

சுடலைவடிவு கயிற்றை அவன் கையில் கொடுத்தாள். “இவனுக்குன்னு தீனி தேட வேண்டாம் ஐயா. தேரியில கெடக்கதத் திம்பான்” என்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்துக்காகத்தான் சாலமோன் எல்லாவற்றையும் கொடுத்தான் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு, இப்படி ஒரு அசடனா என்றுதான் தோன்றியது.

கெசியா கோயிலிலிருந்து வீடு வரைக்கும் ஏசிக்கொண்டே போனாள், தெருவே கேட்டது. வீட்டுக்குப் போய், சக்கையாகக் கிடந்த பனம்பழத்தை மாட்டுக்கு முன்னால் கோபத்தோடு விட்டெறிந்தாள். கொட்டையை விட்டுவிட்டு மற்றதை அது வழித்துத் தின்றது. பிறகு வேலியோரம் போய், உடைமரத்தடியில் உதிர்ந்திருந்த நெற்றைப் பொறுக்கித் தின்றது. ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் பாதி குடித்துவிட்டு மீதியை விட்டது. ஒரு வாரம் இப்படியே போயிற்று. காசு கொடுத்து வாங்கிய தீனி என்று அந்த மாடு ஒரு பிடியும் தின்னவில்லை. கெசியாவின் ஏச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. எட்டாம் நாள் அதற்குப் பேர் வைத்தாள். ஏலத்தில் வந்தவன் ஏலத்தான்.

மாடு கிடைத்தது சரி, வண்டி? கிழட்டு மாட்டோடு சேர்த்துப் பூட்டினால் நுகம் கூரை மாதிரிச் சரிந்தது. கார்த்திகை மழையில் கிழட்டு மாடும் போய்ச் சேர்ந்தது. இந்தக் குட்டைக்காலனை உயரமான பழைய வண்டியில் ஒற்றையாகக் கட்டினால் வண்டி முன்பக்கம் சரிந்து பாரமெல்லாம் அதன் கழுத்தில் இறங்கிற்று. பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது. கங்காணி மறுபடியும் வந்து போனான்.

வண்டியைக் கண்டுபிடித்ததும் கெசியாதான். சனிக்கிழமைதோறும் கோயில் பெருக்குவது அவள் பொறுப்பு. விளக்குமாறு, பழம்பாய், உடைந்த பெஞ்சு எல்லாவற்றையும் கோயிலுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பின் கீழ் கிடந்த ஒரு பழைய சட்டத்தின் மேல் போட்டு வைப்பாள். எங்கள் கோயில் மணி அந்தக் காலத்தில் கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கியபோது, அதைத் தேரி வழியாக இழுத்து வருவதற்கென்றே செய்த வண்டி அது. முழங்கால் உயரம்தான் இருக்கும். நாலு கட்டை, ஒரு பலகை, இரண்டு சக்கரம். வேறு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தச் சக்கரத்தில் தரையில் படுகிற வட்டை ஒரு சாண் அகலம். மணலில் புதையக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். மணியைக் கோபுரத்தில் ஏற்றிய பிறகு, கர்த்தருடைய மணியைச் சுமந்த வண்டி என்று அதை யாரும் விறகாக்கவும் இல்லை, தொடவும் இல்லை. எங்களுக்கு மரியாதை என்றால் இப்படித்தான், ஒரு பொருளை உதவாமல் ஆக்கிவைப்பது.

ஒரு சனிக்கிழமை கெசியா விளக்குமாற்றைப் போடப்போனவள் போட்டதோடு நிற்காமல், வண்டியின் உயரத்தைத் தன் காலால் அளந்து பார்த்தாள். மறுநாள் சபைக்கூட்டத்தில் கேட்டுவிட்டாள். கிருபைராஜுக்குக் கோபம் வந்தது. மணி வந்த வண்டியில் கருப்பட்டியா, அது பரிசுத்தக் குலைச்சல் அல்லவா என்றார்.

“மணி அதுல வந்தது அந்தக் காலத்துல அண்ணாச்சி. இப்பம் கோழில்லா அதுல முட்டை போடுது. கோழிக்கு ஆகும், எங்களுக்கு ஆகாதா?” என்று கேட்டாள் கெசியா.

உபதேசியார் சிரித்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கே சோறு போடும் அசனப் பண்டிகைக்கு அரிசி ஏற்றி வரவேண்டும், வாடகை வாங்கக்கூடாது என்ற நிபந்தனையோடு வண்டி சாலமோனுக்கு வந்தது. தில்லைநாயகம் ஆசாரி சுத்தியலால் சக்கரத்தை ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷம் கிடந்தும் ஒரு இடத்தில்கூடப் பூச்சி அரிக்கவில்லையே, இந்த மரத்தில் வேலை செய்தவன் கையைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்றார். மாடு பூட்ட இரண்டு பக்கமும் கைமரம் வைத்து ஒற்றைமாட்டு வண்டியாக்கிக் கொடுத்தார். ஒட்டறையைத் துடைத்துவிட்டு அவர் செய்த பெரிய வேலை அவ்வளவுதான்.

ஏலத்தானை அதில் பூட்டிய நாளில் ஊரே வேடிக்கை பார்த்தது. மாடும் வண்டியும் ஒரே அச்சில் வார்த்தது போலப் பொருந்தி நின்றன. மேலப்பாளையத்தில் தாஜ் முகம்மது வெளியே வந்து பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்து, “சாலமோன், இது வண்டியில்லே, நடக்குற கட்டிலு” என்றாராம். சிரித்தவர் ஆனி பிறப்பதற்குள் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஏனென்றால் அந்தக் கட்டில் ஒரு நடையும் பிந்தவில்லை. கிருபைராஜின் வண்டியில் பாதிச் சரக்குத்தான் அது சுமக்கும். ஆனால் வழியில் உடைவதற்கு அதில் ஒன்றும் இல்லை. உடைமரம் உள்ள இடமெல்லாம் ஏலத்தானுக்குச் சாப்பாடு. இன்னொன்றும் நடந்தது, அதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. வண்டி தாழ்வாக இருந்ததால், கருப்பட்டிச் சிப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட ஆள் தேடாமல் பெண்களே ஏற்றிக்கொண்டார்கள். தான் காய்ச்சிய கருப்பட்டியைத் தன் கையாலேயே வண்டியில் வைத்து அனுப்பும் அந்தப் பெருமையை நான் பல முகங்களில் பார்த்தேன். இவ்வளவு லேசான ஒரு காரியம் இத்தனை காலம் சாய்ப்பின் கீழ் கிடந்திருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியமாயிருந்தது.

பருவத்தின் கடைசி நடை ஆடியில். மிஷன் அலுவலகத்தில் எனக்கு வேலை இருந்ததால் நானும் சாலமோனோடு நடந்தேன். ஆடிக் காற்றில் தேரியைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மணல் அங்கே கிடக்காது, ஓடும். காலையில் பாதை இருந்த இடத்தில் மத்தியானம் மேடு இருக்கும். மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சாரல் இறங்கினால் கருப்பட்டி கசிந்து பாழாகிவிடும். அதற்குள் தேரியைத் தாண்டி மேட்டு ரஸ்தாவில் ஏற வேண்டும்.

நடுத் தேரியில் கிருபைராஜின் இரண்டு வண்டிகளும் குடம் வரைக்கும் புதைந்து நின்றன. இரும்புப் பட்டை போட்ட ஒடுக்கமான சக்கரம் மணலைக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு இறங்கியிருந்தது. அந்த அழகான வடக்கத்தி மாடுகளின் வாயில் நுரை. ஒன்று படுத்தேவிட்டது. கிருபைராஜ் தாமே இறங்கி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் பேசவில்லை.

அவர்கள் பாதையை அடைத்து நின்றதால் சாலமோன் பக்கத்து மேட்டின் மேலே வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று. பாதி ஏறியதும் ஏலத்தான் நின்றான். அகலச் சக்கரமும் கொஞ்சம் இறங்கிவிட்டது. நான் பின்னால் தோள் கொடுத்துத் தள்ளினேன். வாத்தியார் தோளின் பலம் உலகம் அறிந்தது. சாலமோனிடம் சாட்டை கிடையாது. அவன் மாட்டுக்கு முன்னால் போய் நின்று மேற்கே பார்த்தான். அவன் முகத்தில் மேலப்பாளையம் தெரிந்தது, கங்காணி தெரிந்தான், கப்பல் தெரிந்தது. பிறகு தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

“ஆண்டவரே, இந்த ஒரு நடையக் கரையேத்திரும். இவன உமக்கே தாரேன்” என்றான்.

ஏலே, எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் சொல்கிறாயா என்று கத்த வாயைத் திறந்தேன், வாயெல்லாம் மணல். அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஏலத்தான் முன்னங்கால் இரண்டையும் மடித்து முழங்காலில் நின்றான். கழுத்தை மணலோடு மணலாகத் தாழ்த்தினான். மூக்கிலிருந்து வந்த மூச்சு மணலில் இரண்டு குழி பறித்தது. பின்னங்கால்களை ஊன்றி, முழங்காலாலேயே ஒரு முழம் முன்னால் வந்தான். சக்கரம் அசைந்தது. இன்னொரு முழம். அடித்து ஏவ ஒருவரும் இல்லை. ஒரு மிருகம் தன் உடம்பில் உள்ள கடைசிப் பிடி பலத்தை யாரும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பதை என் கண்ணால் கண்டேன். தேவசமுகம், ஆண்டவருடைய சந்நிதி என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, அந்த வார்த்தைக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் விளங்கிற்று. மேட்டு உச்சி வரைக்கும் அவன் முழங்காலில்தான் போனான்.

உச்சியில் சாலமோன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு மெதுவாகக் கயிற்றை அவிழ்த்து, ஏலத்தானைக் கீழே கூட்டிப்போய்க் கிருபைராஜின் வண்டிக்கு முன்னால் கட்டினான். என்னிடம் ஒரு யோசனையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏலே, உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று சொல்லியிருப்பேன். வடக்கத்தி மாடுகளுக்கு முன்னால் இந்தக் குட்டையன் மறுபடி முழங்காலில் விழுந்து இழுத்தான். இரண்டு வண்டியும் வெளியே வந்தன. கிருபைராஜ் அவன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். ரோமம் உரிந்து ரத்தம் துளிர்த்திருந்தது. “இவனுக்கு என்ன வெலன்னு சொல்லும் வே. என்ன சொன்னாலும் தாரேன்” என்றார். சாலமோன் தலையை ஆட்டி, இவன் இப்போது என்னுடையவன் இல்லை அண்ணாச்சி என்றான்.

சாரலுக்கு முன்னால் சரக்கு மண்டிக்குப் போய்விட்டது. அடுத்த வருஷமும் உனக்குத்தான் என்று தாஜ் முகம்மது சொல்லிவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய நாளில் சாலமோன் செத்த வீட்டுக்காரன் மாதிரி ஊர் திரும்பினான். மாட்டை ஆண்டவருக்கு நேர்ந்துகொண்ட அந்தப் பொருத்தனையைக் கேட்ட கெசியா ஒரு வாரம் உப்பில்லாமல் குழம்பு வைத்தாள். அதிலிருந்து கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மாட்டுக்குப் பதிலாக உன்னால் ஆனதைக் காணிக்கையாகக் கொடு, ஆண்டவர் கணக்குப் பார்க்க மாட்டார் என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

“மாட்டைத் தாரேன்னுல்லா சொன்னேன் வாத்தியாரையா. அவனும் பாதியில நிக்கலயே” என்றான் சாலமோன்.

ஆவணியில் பண்டிகை வந்தது. கோயிலில் கால் வைக்க இடமில்லை. ஏலத்தானைக் கேட்கப்போவது யார் என்பது ஊருக்கே தெரியும். கிருபைராஜ் இடுப்பில் கனத்த முடிச்சோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காணிக்கை கொடுத்தவன் தன் காணிக்கையைத் தானே கேட்கக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம். சாலமோன் உள்ளே வரவே இல்லை. வாசலுக்கு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாங்குகிறவர் கையில் கொடுப்பதற்காக நின்றான். போன வருஷம் அதே இடத்தில் சுடலைவடிவு நின்றாள். இந்த வருஷமும் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் மகனோடு நின்றிருந்தாள்.

கோழி போயிற்று, ஆடு போயிற்று. நான் மாட்டைக் கூறினேன். உபதேசியார் தொடங்கிவைக்க வாயெடுக்குமுன் பெண்கள் பக்கத்திலிருந்து கெசியா எழுந்து நின்றாள்.

“ஓரணா” என்றாள்.

சபை திரும்பிப் பார்த்தது. கொடுத்தவன் வீட்டுக்காரி கேட்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். “பொருத்தனை பண்ணினது அவரு. நான் ஒண்ணும் பண்ணலயே” என்றாள் கெசியா. அவள் குரல் உறுதியாக இருந்தது. உபதேசியார் என்னைப் பார்த்து, கூறும் என்பதுபோலத் தலையசைத்தார்.

ஓரணா, ஒரு தரம் என்றேன். இந்த இடத்தில் கூட்டத்தைக் கிளப்பிவிடுவது என் கடமை. கர்த்தருக்கு ஓரணாவா, வெட்கமாக இல்லையா என்று இத்தனை வருஷம் கூவிய தொண்டை. அன்றைக்கு அது எழும்பவில்லை. யாராவது ஒருவர் மரியாதைக்கு ஒரு வார்த்தை கூட்டினால் போதும், எங்கள் வழக்கம் தன் வேலையைச் செய்துவிடும். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சிப்பம் ஏற்றிய பெண்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முருங்கைக்காய்க்கு ஆட்டுக்குட்டி விலை கேட்கிற கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு தரம் என்றேன். கிருபைராஜ் எழுந்தார். கெசியா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வெத்தில போட்டுட்டு வாரேன்” என்றார். நடுவழியாக நடந்து, ஏலத்தானைத் திரும்பியும் பாராமல், வெளியே போய்விட்டார்.

எங்கள் கோயில் கட்டிய நாளிலிருந்து முதல் கேள்வியோடு ஒரு காணிக்கை முடிந்ததில்லை. அது கர்த்தருக்குக் குறைச்சல் என்று தெரிந்த இருநூறு பேர் அன்றைக்கு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு பெரிய ஸ்தோத்திரத்தை அந்தக் கோயிலில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மூன்று தரம் என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

கெசியா முந்தி முடிச்சை அவிழ்த்து ஓரணாவைத் தட்டில் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள். சாலமோன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வாசலை அடைத்து நின்ற கூட்டத்தில் உள்ளே நடந்தது ஒன்றும் அவனுக்குத் தெரியாது. யாருடைய கை வருகிறது என்று பாராமலே கயிற்றை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். வளையல் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

“இது இப்பம் என் மாடு. இனிமே என்னைக் கேக்காம இவனப் பொருத்தனை பண்ணக்கூடாது” என்றாள் கெசியா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏலத்தான் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் கிடந்த பழத்தைப் பொறுக்கப் போனான்.